அம்புக்குறி

காட்பாடி ஸ்டேஷன் மஞ்சள் பலகையில்
கடல் மட்டத்துக்கு மேல் இருநூற்றுச் சொச்சம் மீட்டர்.
என் பிழைப்பு அந்த எண்ணிலிருந்து.
இங்கிருந்து கண்ணுக்கு எட்டாத கடலை வைத்து
கழித்தும் கூட்டியும் மனைகளுக்கு உயரம் எழுதுகிறேன்.

கழிஞ்சூர், ஏரிக்குக் கீழே, மனை எண் பதினேழு.
"ரோட்டுக்கு மேல மூணடி ஏத்திடுங்க" என்றார் தணிகாசலம்.
"பழசைச் சுரண்டாமலே மேல மேல போடுறான்,
இன்னும் ரெண்டு எலெக்‌ஷன் வந்தா
என் வாசப்படி பள்ளத்துல."
அவர் சொன்னதில் தப்பில்லை.
அந்தத் தெருவில் ரோடும் வீடும்
பச்சைக்குதிரை தாண்டிக்கொண்டிருக்கின்றன.

நாற்பது லோடு கிராவல் இறங்கியது.
ஏழுமலை மேஸ்திரி டியூப் மட்டம் பிடித்தார்.
நடுவில் சிக்கிய ஒரு குமிழியை
சுண்டிச் சுண்டி வெளியேற்றியபின்
இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றது.

விதி இதுதான்:
உன் மனையில் விழும் மழை உன் மனையில் இறங்கட்டும்,
மிஞ்சினால் தெருக்கால்வாய்க்குப் போகட்டும்,
பக்கத்து மனைக்குள் போகக் கூடாது.
வடக்கே ஓர் அம்புக்குறி போட்டேன்.
நூற்றுக்கு ஒன்று சரிவு.
அம்பு முடியும் இடத்தில்
தாளில் கால்வாய் இருந்தது.
தெருவில் அது மளிகைக் கடையின் படிக்கட்டு.
தெரியும்.
சீல் அடித்தேன்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி போன்.
மனை எண் பதினெட்டு, ரிஸ்வானா.
தகரப் பலகையில் என் நம்பர் இருந்ததாம்.

அடுப்படியில் முழங்கால் தண்ணீர்.
அரிசி டிரம் கட்டில்மேல் ஏறியிருந்தது,
கேஸ் சிலிண்டர் சாய்ந்து மிதந்தது.
திட்டுவார் என்று நினைத்தேன்.
டார்ச்சை என் கையில் திணித்து
"இப்படிக் கொஞ்சம் பிடிங்க" என்று குனிந்து
சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தார்,
பக்கத்தில் தேதி.

தண்ணீர் வடிய வடிய
கீழே பழைய கோடுகள் தெரிந்தன, நான்கு.
ஒன்றுக்கொன்று விரற்கடை.
நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
ஒரு சாண்.
என் கையை வைத்துப் பார்த்தேன்,
சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரல் வரை.

விடிந்ததும் லெவல் கருவியோடு போய்
ஸ்டேஷன் பலகையிலிருந்து உயரத்தைக் கொண்டுவந்து
அந்த அடுப்படியில் இறக்கினேன்.
என் புத்தகத்தில் இப்போது
தற்காலிக மட்டக்குறி:
ரிஸ்வானா வீடு, கிழக்குச் சுவர், ஐந்தாம் கோடு.

திருத்திய வரைபடம் தணிகாசலம் மேஜையில் கிடக்கிறது.
அதில் அம்பு தெற்கே, உறிஞ்சுகுழிக்கு.
அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
நானும் வாங்கின பணத்தைத் திருப்பித் தரவில்லை.
நேற்று மறுபடி மேகம் மூடியது.