இரண்டு கடல், நாலு சக்கரம்

ராமநாதபுரம் பாரதி நகரில்
நைனா முகம்மது டயர் கடை.
இரண்டைச் சுவரில் சாய்த்து வைத்து
"பாத்துக்கிட்டு இருங்க" என்றவர்
லுகர் தொழப் போய்விட்டார்.

இடது பக்கம் ஆல் டெரைன்.
பட்டன்கள் நெருக்கியடித்து நிற்கின்றன
ரேஷன் கடை வரிசைபோல.
வலது பக்கம் மட் டெரைன்.
கடைவாய்ப் பல்லாய்க் கட்டை கட்டையாக,
நடுவே இரண்டு விரல் நுழையும் பள்ளம்.
துப்பட்டாவை இடுப்பில் செருகிக்கொண்டு
விட்டுப் பார்த்தேன்.
நுழைகிறது.

"மட்டே போடுங்கக்கா, கெத்தா இருக்கும்"
என்கிறான் பவுல்பாண்டி.
பெட்டி ஏற்றி இறக்குகிறவன்.
தவணை கட்டுகிறவள் நான்.

உச்சிப்புளியில் இருப்பவளுக்கு
வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல்.
வாடை எழும்பினால் வடகடல் கலங்கும்,
வள்ளமெல்லாம் தெற்கே.
கச்சான் அடித்தால் தென்கடல் சீறும்,
வலையோடு எல்லாரும் வடக்கே.
அவர்கள் பின்னால் ஐஸ் பெட்டியும்
தராசும் நானும்.

தென்கரை மணல்.
அதைத் தோண்டக் கூடாது,
மேலோடு போக வேண்டும்
தூங்குகிற பிள்ளையைத் தாண்டுவதுபோல.
கட்டை டயருக்கு அந்தப் பக்குவம் கிடையாது.
ஆக்சிலேட்டரை மிதித்தால்
தனக்குத் தானே குழி வெட்டி
அச்சு வரைக்கும் உட்கார்ந்துகொள்ளும்.

வடகரை சேறு.
மேலே உப்புப் பொருக்கு வெள்ளையாய்க் காய்ந்து
தரை என்று சத்தியம் பண்ணும்.
முன்சக்கரம் ஏறியதும் வாய் திறக்கும்.
போன ஆனியில்
நூற்றுநாற்பது கிலோ நீலக்கால் நண்டோடு
மூன்று மணி நேரம் நின்றேன்.
நெருக்கமான பட்டன் எல்லாம் சேறு அப்பி
வழவழவென்று பணியாரம் மாதிரி சுற்றியது.
நம்புத்தாயும் இன்னும் ஆறு பேரும்
வலையை உதறுவதை விட்டுவிட்டு வந்து
கருவேலங் கொப்பு வெட்டிப் போட்டுத் தள்ளினார்கள்.
கம்பெனியில் பெட்டியைத் திறந்தபோது
பாதி நண்டுக்குக் கால் உதிர்ந்திருந்தது.
பாதி விலை.
கொப்பு முள் ஒன்று டயரின் பக்கவாட்டில்
இன்னமும் இருக்கிறது,
பிடுங்கினால் காற்று போகும் என்று
பிடுங்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த முள்தான் இன்று என்னை இங்கே கொண்டுவந்தது.
அது மட் டெரைன் பக்கம் பேசுகிறது.

கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
மணல் நானூறு மீட்டர்.
சேறு இருநூற்றெழுபது.
கம்பெனிக்குப் போய்வரத் தார்
அறுபத்திரண்டு கிலோமீட்டர்.
அறுபத்திரண்டுக்காக யாரும்
டயர் கடைக்கு வந்து யோசிப்பதில்லை.
இருநூற்றெழுபதைத்தான்
ராத்திரியெல்லாம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நைனா வந்தார், முகம் ஈரமாக.
"வருஷத்துக்கு எத்தனை நாள் சேத்துல மாட்டுவீங்க?"
விரல் விட்டு எண்ணினேன்.
பதினொன்று. அதிகம் போனால் பதிமூன்று.
"மத்த நாளெல்லாம் அந்தக் கட்டை
தார்ல தேனீக் கூடு மாதிரி இரையும்.
டீசலத் திங்கும். சீக்கிரம் தேயும்.
வேணும்னா போட்டுத் தர்றேன்,
எனக்கென்ன, வெலை கூடத்தான்."

பின்னால் இரண்டு மட், முன்னால் இரண்டு ஆல்
என்று கேட்டுப் பார்த்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
"ஒரு காலுக்குச் செருப்பு
இன்னொரு காலுக்கு பூட்ஸா?" என்றார்
லிவரைத் துடைத்தபடி.

ஆல் டெரைன் நாலு.
மிச்சக் காசில்
சக்கரத்துக்குக் கீழே போட இரண்டு தகடு,
காற்று ஏற்ற ஒரு சின்ன மோட்டார்.
பவுல்பாண்டி ஊர் வரைக்கும் பேசவில்லை.

சாயங்காலம் புதுமடம் கரையில்
குனிந்து நாலு வால்வையும் திறந்தேன்.
இருபதுக்கு இறங்கும் வரைக்கும்
வண்டி நிதானமாகப் பெருமூச்சு விட்டது.
அப்புறம் மணல்மேல்
எதுவும் நடக்காததுபோல் போனது.
அவனும் பார்த்தான், சொல்லவில்லை.

கச்சானுக்கு இன்னும் மூன்று மாதம்.
புதுப் போனில் நம்புத்தாய் நம்பரை
இன்னும் ஏற்றவில்லை என்று ஞாபகம் வந்தது.
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து ஏற்றினேன்.
அந்தப் பக்கம் இரண்டு நம்புத்தாய் உண்டு.
குழம்பக் கூடாதே என்று
பக்கத்தில் 'சேறு' என்று போட்டேன்.