ஒரு சாண்

எனக்கு ராகம் தெரியாதுங்க.
தோடி எது, பைரவி எது என்று கேட்டால்
மிக்ஸரில் எந்தக் குமிழ் எங்கே நின்றது என்றுதான் சொல்வேன்.
பழனாத்தாள் சவுண்ட் சர்வீஸ், மூலனூர்.
கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்,
அப்புறம்
தாராபுரம் சௌடாம்பிகா கச்சேரி.

மைக்குக்கும் வாய்க்கும் நடுவே ஒரு சாண்.
அளந்து உட்காரமாட்டார்;
உட்கார்ந்தால் அது ஒரு சாணாக இருக்கும்.
மேலே ஏறும்போது முகம் இடப்பக்கம் விலகும்,
கீழே இறங்கினால் தானே முன்வந்து குனியும்.
என் கைக்கு வேலையே வைக்காத குரல்.
சும்மா உட்கார்ந்து வாடகை வாங்க
முதலில் கூச்சமாயிருந்தது.

வீட்டில் கன்னடம், மேடையில் தெலுங்கு,
என்னிடம் மட்டும்
"சவுண்டுக்காரரே, மிருதங்கத்தைக் கொஞ்சம் தணிங்க,
அவரு நேத்து மாப்பிள்ளை ஊட்டுல சாப்பிட்டிருக்காரு."

பகலில் மின்வாரியத்தில் கணக்கு எழுதினார்.
சிவன்மலை அடிவாரத்தில் ஒரு தைப்பூசத்தில்
பாட்டின் நடுவே கரண்ட் போய்விட்டது.
"நம்ம ஆபீஸ்தானுங்க" என்று இருட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு
விட்ட இடத்தில் பிடித்தார்.
ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கப் போன நான்
இழுக்கவில்லை.
டீக்கடைக்காரர் ஆற்றுவதை நிறுத்தியிருந்தார்.
இருபது நிமிஷம்
என் தொழில் இந்த ஊருக்குத் தேவைப்படவில்லை.

கோயமுத்தூர் ரேடியோவில் பி-ஹை.
பத்தொன்பது வருஷம் அதே பி-ஹை.
ஏ கேட்டு மூன்று முறை எழுதிப்போட்டார்,
மூன்று முறையும் பதில் வந்தது,
தேதி மட்டும் வேறு.
மெட்ராஸில் ஒரே ஒரு டிசம்பர், மத்தியானம் பன்னிரண்டு மணி;
என்னோடு சேர்த்துப் பதினோரு பேர்.
அங்கிருந்த பையன் ட்ரெபிளை ஏற்றிவைத்து
போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.
கடைசி வரிசையில்
என் விரல்கள் காற்றில் எதையோ திருகிக்கொண்டிருந்தன.

வெள்ளகோயில் நோம்பியில் பக்கத்துத் திடலில் வள்ளி கும்மி.
இருநூறு பேர், ஒரே நிறச் சேலை, ஒரே அடி.
அதற்கும் செட்டு நான்தான் போட்டிருந்தேன்.
வாடகை அங்கே இரண்டு மடங்கு.
யாரும் பார்க்காத நேரம் ஏணி வைத்து ஏறி
ஒரு குழாயைச் சோளக்காட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன்.
தப்புத்தான். கும்மியும் நல்ல கும்மி.

பிறகு கழுத்தில் அந்தக் கட்டி.
எட்டு மாதம் போன் இல்லை.
கொடுமுடியில் திரும்ப வந்து உட்கார்ந்தபோது
ஐந்தரைக் கட்டை நாலாகியிருந்தது,
தழும்பை மறைக்கவில்லை, நகையும் போடவில்லை.
கேட்காமலே நான் கொஞ்சம் எக்கோ சேர்த்தேன்,
காய்ச்சல்காரருக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி.
முதல் பாட்டு முடிந்ததும் திரும்பினார்.
"அது என் குரல் இல்லீங்க. எடுத்துருங்க."
எடுத்தேன்.

மேலே ஓரிடத்தில் உடைந்தது.
சனம் முழுக்கக் கேட்டது.
அதே இடத்துக்கு மறுபடி போனார், மறுபடி உடைந்தது.
மூன்றாம் தடவை
அந்த வாசலை விட்டுவிட்டு
பொழக்கடை வழியாகச் சுற்றி வந்து நின்றார்.
வயலின்காரர் வில்லைத் தூக்கிவிட்டார்.
அதற்கு என்ன பெயரோ.
என் குமிழ்கள் எல்லாம் சுழியில் இருந்தன.

இப்போது நாலு விரல் தூரம்.
போன செவ்வாய் காங்கயத்தில் ஒரு ரிசப்ஷன்.
"பந்திப் பக்கம் ஸ்பீக்கர் வேண்டாமுங்க,
சாப்படறவங்க நிம்மதியாச் சாப்படட்டும்."
சரிங்க என்றேன்.

ஒன்றே ஒன்று, சின்னது,
எச்சில் இலை எடுக்கிற பெண்கள் உட்காரும் மூலையில் வைத்தேன்.
அவர்கள் கேட்டார்களா என்று தெரியாது,
அண்டாக்களின் சத்தம் அதிகம்.
ஒருத்தி மட்டும்
"அந்தத் தண்ணிக் குழாயை மூடு புள்ள" என்றாள்.
அந்தம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.