பெயர் நீக்கக் கோரி

அனுப்புநர்:
ஆன்றோஸ் மகள் மெற்றில்டா,
நாலாம் அன்பியம், வீடு நூற்றிப் பதினேழு.
அந்த இடத்திலேயே பேனா நின்றுவிட்டது.
பஞ்சாயத்துக் கதவெண் ஒன்று உண்டு,
தபால்காரருக்கே அது தெரியாது.

செயலாளர் கிளீற்றஸ் இரண்டு முறை வாசித்தார்.
கண்ணாடியைத் துடைத்து
மூன்றாம் முறை.
"பெந்தெகொஸ்து சபைக்குப் போறியா?"
இல்லை.
"வேற ஊர்ப் பையன் யாரும்?"
இல்லை.
"ஏலத்துல நஷ்டமா மோளே? பேசித் தீப்போம்."
இல்லை அண்ணே.
கோபம் என்று ஒன்று இருந்திருந்தால்
அவருக்கு எழுதிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.
ஆழ்கடலில் ரேஞ்ச் போன பிறகும்
அப்பா போனில் பேசிக்கொண்டே இருப்பாரே,
வெகுநேரம் கழித்து ஒரு அலோ சொல்வாரே,
அந்த அலோவை நான்
ஒரு தவக்காலத்தில் முழங்காலில் இருந்தபடி சொன்னேன்.
அவ்வளவுதான்.

நோட்டில் மூன்று பத்திகள்:
ஞானஸ்நானம், விவாகம், அடக்கம்.
கிளீற்றஸ் அடிமட்டம் வைத்து
நாலாவதாகக் கோடு போட்டார்,
மேலே தலைப்பு எழுதாமல்.

பிறகுதான் ஆரம்பித்தது.
குழாய்த் தண்ணீர் கோயில் மோட்டார்.
தெருவிளக்கு கோயில் கணக்கு.
அப்பா விட்டுப்போன வள்ளத்தில் என் கால் பங்கு,
மீன் கரையில் குவியுமுன்னே
அதிலும் தெறிப்பு.
"ஊர் வரி தாரேன், கோயில் வரி வேண்டாம்" என்றேன்.
கமிட்டி முழுக்கச் சிரித்தது,
கெட்ட சிரிப்பில்லை.
உப்பை மட்டும் விட்டுவிட்டு
கடலில் குளிப்பேன் என்றவளைப் பார்த்ததுபோல.

எங்களுக்கு ஆயர் கேரளத்தில்,
கலெக்டர் நாகர்கோவிலில்.
மனுவை இரண்டாக்கி அனுப்பினேன்.
நாகர்கோவிலில் சொன்னார்கள், இது கோயில் விஷயம்.
ஆயர் இல்லத்திலிருந்து மலையாளத்தில் பதில்.
எழுத்துக்கூட்டி வாசித்தேன்:
இது ஊர்க் காரியம்,
என்றாலும் விலகுபவர் நல்ல விசுவாசி என்று
பங்குத்தந்தையின் சான்று இணைக்கவும்.

ஞாயிறு, பூசைக்குப் பின் அறிவிப்பு:
கீழத்தெருவில் ஒரு சைக்கிள் சாவி கிடைத்திருக்கிறது.
பொழி வெட்ட ஆட்கள் நாலு மணிக்கு வரவும்.
நூற்றிப் பதினேழாம் வீட்டு மெற்றில்டா
தம் விருப்பப்படி விலகிக்கொள்கிறார்.
எங்கள் ஓட்டைப் பார்த்துத்தான்
அந்த ஒலிபெருக்கியைக் கட்டியிருக்கிறார்கள்.
அம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை.

மறுநாள் தண்ணீர் வந்தது.
யாரும் அடைக்கவில்லை.
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற சிசிலி
ஒரு குடத்து இடம் விட்டு நகர்ந்தாள்.
வழிவிட்டாளா, ஒதுங்கினாளா,
இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் கிளீற்றஸ் வந்தார்.
படியேறாமல், சட்டைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் ரசீது.
"மறந்தே போச்சு மோளே.
கல்லறைத் தோட்டத்துல
உனக்க அப்பன் பக்கத்துல ஒரு குழி,
உனக்க பேருல அம்மா பணம் கட்டியிருக்கா.
ரத்தாக்கணுமா?"

அடுக்களையில் கத்திச் சத்தம் நின்றது.
பாலத்துக்கு அந்தப்புறம்
கேரளா பஸ் ஆளில்லாமல் திரும்பும் ஹாரன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ரசீதை நாலாக மடித்து
மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.
"அவசரமில்ல" என்றார்.
"ஆனா அந்த நாலாவது பத்திக்கு
மேல என்ன எழுதணும்னு
நீயே ஒரு வார்த்தை சொல்லிரு.
எனக்கு ஒண்ணும் தோணல."