ஒன்பது நாள்

மின்கட்டண ரசீதின் முதுகில்தான் எழுதுகிறேன்.
நல்ல தாளில் எழுதினால்
நல்லபடி நடந்தாக வேண்டுமே என்ற பயம் வந்துவிடும்.

சனி: விடிகாலை, துர்ரஸ் துறைமுகம்.
பாரியிலிருந்து வரும் கப்பலில் பெத்ரித் இறங்குவான்,
பதினோரு மாத இத்தாலியைத் தோளில் மாட்டிக்கொண்டு.
பழக்க தோஷம், ஓட்டுநர் பக்கக் கதவுக்குத்தான் கை போகும்.
உள்ளே நான் உட்கார்ந்திருப்பேன்.

நாற்பத்தேழு வயதில், நாலாவது தடவையில்
உரிமம் வாங்கியவள்.
ஒரு முறை கோட்டைத் தாண்டி நின்றேன்.
ஒரு முறை கோட்டுக்கு வரவே இல்லை.
மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.

ஞாயிறு: தேத்.
அந்தச் சாலையில் எதிரே வண்டி வந்தால்
யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும்,
யார் என்பதைக் கண்ணாலேயே பேசி முடிக்க வேண்டுமாம்.
நான் பல்செட்டு செய்கிறவள்.
அடுத்தவர் வாய்க்குள்
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தெரியும்.
பள்ளத்தின் கணக்கு இனிமேல்தான்.
விடுதிக்கார ப்ரேனா போனில் சொன்னாள்:
"பனி உருகிவிட்டது, பாலம் இருக்கிறது,
தேன் இருக்கிறது, சிக்னல் இல்லை."
நாலுமே நல்ல சேதி.

செவ்வாய்வரை தகராறு இல்லை.
வ்லோரா தாண்டியதும்தான் சண்டை.
மலையைக் குடைந்து புதுச் சுரங்கம் திறந்திருக்கிறார்கள்,
ஏழே நிமிடம் என்கிறான்.
மேலே பழைய பாதை இருக்கிறது,
பைன் காட்டுக்குள் ஏறி ஏறி உச்சியில் திரும்பினால்
சட்டென்று காலடியில் மொத்தக் கடலும் என்கிறேன்.
"கீழே போனாலும் அதே கடல்தான்."
"அதற்கு வீட்டிலேயே டிவியில் பார்க்கலாம்."
"பார்க்கலாமே."
இரண்டு வாரமாய் இதே பேச்சு.
பாதி உலகம் லாரி ஓட்டியவன்
ஒரு மலைக்கு ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறான்?

எலீராதான் உளறினாள்.
"அப்பா உன்னிடம் சீசாவைப் பற்றிச் சொல்லவே இல்லையா?"

சீசா கணவாய், ஜனவரி, இறக்கம்.
பின்னால் இருபத்திரண்டு டன் தரை ஓடுகள்.
மிதித்த பிரேக் மிதித்தபடியே தரையில் கிடந்தது.
ரப்பர் வாசனை.
நாலு வளைவு.
ஓரத்து ஜல்லி மேட்டில் ஏற்றிப் புதைத்து நிறுத்தினான்.
ஓடுகள் பாதி தூள்.
அவனுக்கு ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்பதால் என்னிடம் சொல்லவில்லை.

அந்த வாரம்தான்
மூன்றாம் தோல்வியைச் சொல்லி அவனிடம் அழுதேன்.
"பிரேக்கை மெல்ல மிதி, பெண்ணே" என்று சிரித்தான்.

சுரங்கம் என்று எழுதினேன். அடித்தேன்.
கணவாய் என்று எழுதினேன். அடித்தேன்.
தாள் கிழிந்து அந்தப் பக்கத்து மின்கட்டணம் தெரிந்தது,
மூவாயிரத்து எண்ணூறு லெக், கடைசித் தேதி நேற்று.

மெர்சிடிஸைப் பெலும்பின் பட்டறையில் விட்டேன்.
முன்னால் ஜோடி, பின்னால் ஜோடி,
பிரேக் ஆயிலும் மாற்று.
"இன்னும் ஒரு வருஷம் ஓடும் அக்கா."
"தெரியும். மாற்று."
என்னென்ன மாற்றினாய், தேதி, கையெழுத்து,
எல்லாம் ரசீதில் தெளிவாய் எழுது என்றேன்.
யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது,
பேனா தேடவே கால் மணி ஆயிற்று.

வரைபடத்தில் லொகாரா வரும் மடிப்பில்
அந்த ரசீதைச் செருகியிருக்கிறேன்.
வ்லோராவில் காபிக்கு நிறுத்துவேன்.
வரைபடம் அவன் மடியில் இருக்கும்.
நான் கண்ணாடி துடைக்க இறங்கிவிடுவேன்,
கண்ணாடி அழுக்காக இல்லாவிட்டாலும்.

புதன்: ஹிமாரா, வசிலிகியின் மாடியறை.
எத்தனை மணிக்கு வருவீர்கள் என்றாள்.
சுரங்கம் என்றால் நாலரை,
மலை என்றால் இருட்டிவிடும் என்றேன்.
"மீன் ஆறிப்போனால் பரவாயில்லையா?"

பரவாயில்லை.