ஏனையவை

காலை ஐந்தே முக்காலுக்குத்
தட்டாதெருச் சந்தியில்
பிளாஸ்ரிக் கதிரையொன்றும்
கிளிப் போட்ட மட்டையொன்றும் தந்து
என்னை இருத்திவிட்டுப் போனார்கள்.
பஸ், லொறி, வான், கார், ஓட்டோ, மோட்டார் சைக்கிள்:
ஆறு நிரல்.
ஏழாவது, ஏனையவை.
மாட்டுவண்டி ஏதும் வந்தால் அதற்குள் போடு என்றார் மேற்பார்வையாளர்.
சோற்றுப் பார்சல் பன்னிரண்டுக்கு.

ஆறு மணிக்கு வந்தது முதலாவது ஏனையவை:
நாவாந்துறை மரியநேசன்,
கரியரில் றெஜிபோம் பெட்டி,
பெட்டிக்குள் ஐஸ், ஐசுக்குள் விளைமீன்.
மணி கிடையாது. வாயால்தான்
“ஓரம், ஓரம்” என்று கத்திக்கொண்டு வருவார்,
ஓரத்தில் போகிறவரே அவர்தான்.

அவருக்குப் பின்னால் அடைத்துக்கொண்டு வந்தன.
இரட்டைப் பின்னல், கூடைக்குள் இரசாயனவியல் குறிப்பு.
சாந்தகப்பையைப் பாரில் கட்டிய மேசன்மார்.
கீரைச் சாக்குக்குப் பின்னால் முகம் தெரியாத ஒருவர்.
ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து
உழக்கிக்கொண்டே கொட்டாவி விடுகிற பெண்.
தகப்பன் உழக்க, பாரில் ஒன்று, கரியரில் ஒன்று
(இதை ஒன்றென்று எண்ணுவதா, மூன்றென்றா?)

நாலு கோடு நிமிர்த்தி, ஒன்று குறுக்கே.
விரலகல நிரல்
ஏழேகாலுக்கு நிரம்பிவிட்டது.
பிறகு விளிம்பில் எழுதினேன்,
பிறகு தாளின் முதுகில்,
பிறகு வடை சுற்றி வந்த கடதாசியில்.

நடுவீதி காப்பெற், வழுவழுவென்று.
ஓரத்தில் நாலு விரல் பள்ளம்,
அதற்கப்பால் மணல்,
அதற்கப்பால் மூடி உடைந்த வாய்க்கால்.
பஸ் ஹோர்ன் அடித்தால்
பிள்ளையொன்று இடக்காலை ஊன்றும்,
பஸ் போகும், புழுதி போகும்,
பிறகு மறுபடி உழக்கும்.
என் கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள்
ஒருத்தி மூன்று தரம் ஊன்றினாள்.
அதற்கு நிரலே இல்லை.

ஐப்பசியில் கூட்டம்.
மாநகரசபை மாடியில் ஏசிக் குளிர், ரோல்ஸ், றிபன் கேக்.
திரையில் வேறெங்கோ ஒரு நகரம்,
சிவப்புத் தடமும் கரையெல்லாம் பூக்களும்.
கொழும்பிலிருந்து வந்தவர் சொன்னார்:
“இங்கே தேவை குறைவு. ஏனையவை நாலே வீதம்.”
நான் கைப்பையைத் திறந்து
எண்ணெய் ஊறிய கடதாசியை மேசையில் விரித்தேன்.
ஒன்பது மணி வரைக்கும்
ஆயிரத்து நானூற்றுப் பதினேழு.
பொறியியலாளர் பிரணவரூபன் நுனிவிரலால் அதைத் திருப்பினார்.
“படிவத்தில் இதுக்கு இடமில்லையே, தங்கச்சி.”
“வீதியிலும் இல்லைத்தானே, சேர்”
என்று நான் சொன்னது
வீட்டுக்குப் போகும் வழியில், எனக்குள்.
அங்கே சொன்னது, “ஓம் சேர்.”

ஆனாலும் கடதாசியை அவர் திருப்பித் தரவில்லை.

மாசியில் வந்தது ஒரு வெள்ளைக் கோடு.
வங்கி வாசலில் தொடங்கி
பெற்றோல் செற்றடி மின்கம்பத்தில் முட்டி முடிந்தது,
அறுநூறு மீற்றர்.
பெயின்ற் காய முன்னமே
மூன்று கார் அதற்குள் நின்றன.
ஒரு ஞாயிறு, கடைகள் பூட்டு, கார்கள் இல்லை.
இரண்டு பெட்டைகள் கோட்டுக்குள்
பக்கம் பக்கமாய் வந்தார்கள், கதைத்துக்கொண்டு.
என்ன கதையென்று கேட்கவில்லை.
ஒரு காலும் தரையைத் தொடவில்லை.
மின்கம்பத்தடியில் ஒருத்தி பின்னுக்குப் போக,
கதை அந்த இடத்தில் அறுந்தது.

இந்த வருஷம் புதுப் படிவம்.
எட்டு நிரல்.
பெயர் நீளம், நிரல் ஒடுக்கம்,
முறித்து அச்சடித்திருக்கிறார்கள்:
துவிச்சக்
கரவண்டி.
பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.
தூரத்தில் கேட்கிறது “ஓரம், ஓரம்.”
ஏழேகாலுக்குள் வடை வாங்கவேணும்,
இந்த முறை நாலு.
பெரிய கடதாசியில் சுற்றித் தருவார்கள்.