வாடகைக்கு ஒரு மாலை

கொத்தனூரில் டயர் கடைக்கு மேலே
இருபதுக்கு முப்பது ஹால்.
பிறந்தநாள், நிச்சயதார்த்தம், எல்ஐசி கூட்டம்,
எதற்கும் தருவார் கெம்பராஜு.
"இவங்களுக்கு மட்டும் வேண்டாம்" என்றார்.
அவர் கன்னடத்தில் சொன்னதை
நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல வேண்டும்.
ஆறு வருடத் தரகில் இந்த ஒரு வாக்கியத்தை
எத்தனை விதமாய்ப் பூசி மெழுகியிருக்கிறேன்!
பெயின்ட் அடிக்கிறார்கள்.
போரில் தண்ணீர் இல்லை.
ஓனர் மகள் அமெரிக்காவிலிருந்து வருகிறாள்.

முலெங்கா, மருந்தியல் மூன்றாம் ஆண்டு,
"மகள் போன வருடமும் வந்தாளே" என்றாள்.
அப்புறம் மெதுவாக:
"பிப்ரவரி மாதத்தைக் கருப்பர் வரலாற்றுக்கென்று
எங்கோ ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.
அதில் எங்களுக்கு ஒரு மாலை போதும்."

என் பெயரில் ஹாலை எடுத்தேன்.
நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள்,
கமிஷன் வாங்கினேன். பாதி.

கடைசி ஞாயிறு.
நாற்காலி எண்ணிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவன்
சாவி என்னிடம் இருந்ததால் நின்றேன்.
சுவரில் சங்கிலி இல்லை, அழும் முகம் இல்லை.
எதிர்பார்த்திருக்கிறேன் போல.
மேசையில் வெள்ளைச் சோளமாவுக் களி,
நம் களிக்கு ஒன்றுவிட்ட தம்பி.
நடுவில் பெயின்ட் வாளியில் மண் நிரப்பி
ஒரு கறிவேப்பிலைக் கன்று.
நர்சரியில் அதுதான் மலிவாம்.

ஒவ்வொருவராய் எழுந்து ஒரு பெயர் சொன்னார்கள்.
பெயருக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு குவளை தண்ணீர்
கன்றின் காலடியில்.
ஒருத்திக்குச் செப்புச் சுரங்கத்தில்
வேலைநிறுத்தம் செய்த பெரியப்பா.
கின்ஷாசா பையனுக்கு ஒரு கோல்கீப்பர்.
அந்த ஆட்டத்தில் தோற்றார்களாம்,
ஆனாலும் பெயர் பெயர்தான் என்று
இரண்டு குவளை ஊற்றினான்.

ஹராரிலிருந்து வந்தவள் சொன்னாள்: மாலிக் அம்பர்.
எங்கேயோ கேட்ட பெயர்.
ஏழாம் வகுப்பு, இரண்டு மதிப்பெண்,
"அகமதுநகரின் அமைச்சர். முகலாயரை எதிர்த்தார்."
அவ்வளவுதான் பாடம்.
சிறுவனாய் விற்கப்பட்டது,
கைமாறிக் கைமாறிக் கடல்தாண்டித் தக்காணம் வந்தது,
நிலத்தடியில் வாய்க்கால் வெட்டி
ஒரு நகரத்துக்கே தண்ணீர் கொண்டுவந்தது,
இவள் ஊர்ப்பக்கத்தில் பிறந்தது
எதுவும் கேள்வியில் வரவில்லை.
நானூறு வருடம் முன்பு இங்கே
படை நடத்தியவனின் ஊர்க்காரிக்குத்தான்
போன ஜூலையில் நான்
கக்கூஸ் வெளியே இருக்கும் ஒற்றை அறையைக் காட்டி
இதுவே பெரிசு என்றேன்.

முலெங்கா என்னிடம் ஒரு குவளை நீட்டினாள்.
"மிஸ்டர் அண்ணன், நீங்கள்?"

கார்டில் அப்படித்தான் இருக்கிறது: கே. அண்ணன், வீடு மனை.
முன்பாதியை வெட்டியது நான்தான்,
பெங்களூரு வந்த முதல் வாரம், சிவாஜிநகர் அச்சகத்தில்.
எழுத்துக்கு இவ்வளவு காசு என்றார்கள் என்று
வீட்டில் சொன்னேன்.

யார் பெயரைச் சொல்ல?
வெட்டிய பாதியைச் சேர்த்துச் சொன்னேன்.
கருப்பண்ணன்.
மைக் கொஞ்சம் இரைந்தது.
அர்த்தம் கேட்டார்கள், சொன்னேன்.
ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும், பிறகு நானும்.
அரிவாளோடு ஊர் எல்லையில் நிற்கிற சாமி பெயர் என்றதும்
கைதட்டல்.
ஊற்றியதில் பாதி என் செருப்பில்.

செவ்வாய்க்கிழமை கெம்பராஜு போன்.
"ஆப்பிரிக்காக்காரங்களா வந்தது?"
"ஆப்பிரிக்கா பெரிசு சார்.
லுசாகா, கின்ஷாசா, ஹரார்,
எந்தத் தெருன்னும் கேட்டுச் சொல்லவா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
டயர் கழற்றும் சத்தம் மட்டும்.

"செடியை விட்டுட்டுப் போயிட்டாங்கப்பா.
இதுக்குத் தினமும் தண்ணி ஊத்தணுமா?"