நான் என்று சொல்லும் வேலை

பேர்ன் நகரம். கண் மருத்துவமனை, இரண்டாம் மாடி.
மூன்றாவது நாற்காலி என்னுடையது,
நடுவில் இல்லை, கொஞ்சம் பின்னால், கதவோரம்.
பயிற்சியில் அப்படித்தான் போடச் சொன்னார்கள்.
இன்னொன்றும் சொன்னார்கள்:
"அவர் சொல்கிறார்" என்று தொடங்கக் கூடாது.
அவர் "நான்" என்றால் நீயும் "நான்."

ஏப்ரல். வெளியே பேர்ச் மரங்கள்
மஞ்சள் தூளை உதறிக்கொண்டிருக்கின்றன.
அகரனுக்கு எட்டு வயது.
அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றவில்லை.
யாரும் கேட்காமலே
டொக்டர் ஏஷ்லிமான் மேல் விளக்கை அணைத்தார்.
தொப்பி ஒரு விரல் உயர்ந்தது.

முருங்கனிலை பன்னிரண்டு மாதமும் இப்படித்தான்,
என்றாள் வதனி.
வெயில், புழுதி, சூடடிக்கிற களத்துத் தூசி.
விடிய எழும்பினால் இமை ஒட்டியிருக்கும்,
பீளையை எடுத்தால் நூலாய் நீண்டு வரும்.
இங்கை வந்த முதல் மாரியிலை
பனி கொட்டிக் கிடந்த வெளிச்சத்தை
கண் கூசாமல் பார்த்தவன்.
அப்ப சுகம் எண்டுதான் நினைச்சன்.

நினைத்தேன் நான், டொச்சில்.

பஞ்சுக் குச்சியை வைத்து
மேலிமையைத் திருப்பினார் டொக்டர்.
உள்ளே கல் பாவிய தெரு, என்றார்,
பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம்.
தெரு என்றால் இவளுக்கு என்ன விளங்கும்?
அரிசியில் கிடக்கும் கல்லைப் போல, என்றேன்.
ஒவ்வொரு சிமிட்டலுக்கும்
அந்தக் கல் கருவிழியில் உரசுகிறது.
வதனி தன் கண்ணைத்தான் முதலில் மூடினாள்.

சூடான நாடுகளில் பிள்ளைகளுக்கு அதிகம்,
பெடியன்களுக்கு இன்னும் அதிகம்.
"அப்ப எங்கடை பிழையோ?"
கேள்வியை மாற்றினேன்.
டொக்டர் தலையாட்டிய விதத்துக்கு
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இரவில் கசக்குகிறானா?

அவள் கைப்பையின் சிப்பைத் திறந்தாள், மூடினாள்.
"கசக்கிப்போடுவான் எண்டு
அவன்ரை ரெண்டு கையையும்
என்ரை சால்வையாலை கட்டினனான்."

என் மகனின் இரண்டு கைகளையும்
சால்வையால் கட்டினேன்,
என்றேன், நான்.
எனக்குப் பிள்ளை இல்லை.
தாயையே பார்க்க வேண்டிய டொக்டர்
அந்த ஒரு வசனத்துக்கு என்னைப் பார்த்தார்.
சட்டைக் கைக்குள் இருந்த மணிக்கட்டை
நானும் ஒருமுறை தடவிக்கொண்டேன்.

பிறகு மெதுவாக, பெயர்களோடு:
இடக் கண்ணின் கருவிழியில் புண்.
ஆறும். தழும்பு நிற்கும்.
எனக்குத் தெரிந்த டொச் இங்கே போதுமானது.
ஆனாலும் தமிழில் சொன்னேன்:
தழும்பு நிற்கலாம்.
இரண்டெழுத்து. அவளுக்காகவா, எனக்காகவா,
இன்றுவரை தெரியாது.

"லாம் எண்டு அவ சொல்லேல்லை, அம்மா,"
என்றது தொப்பி.
"நிற்கும் எண்டு சொன்னவ.
ஓரத்திலைதானாம். சின்னனாம்."

நான் கேட்காமல் விட்ட சொற்கள் அவை:
ஓரத்தில், சிறியது.
பொய்யைச் செய்யும் அவசரத்தில்
நல்ல செய்தியையும் விழுங்கியிருந்தேன்.

சொட்டு மருந்து, நாளுக்கு நான்கு.
முதல் கிழமை எரியும்.
குரல் உடையும் வயதில்
பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.
இந்த முறை "பெரும்பாலும்" அவருடையது.
அகரனைப் பார்த்தேன். சரி என்பதுபோல
தோளைக் குலுக்கினான்.

மணித்தாளில் ஐம்பத்தைந்து நிமிடம் எழுதி
கையெழுத்து வாங்கினேன்.
கீழே, பழைய நகரின் வளைவுக் கூரைக்குக் கீழ்
அவர்களை மறுபடி கண்டேன்.
பஸ்ஸுக்கு நேரம் இருந்தது போலும்.
நிழல் முடிகிற இடத்தில் அவன்
ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு
கண்ணை மூடி
கல் கல்லாக மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"குளிரும், போடு," என்றாள் வதனி.
அவன் கைகள் இரண்டும்
பக்கத்தில் சும்மா தொங்கின.